கவிப்பிரியா பேசிய நாற்பது நொடி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கம்பெனி ஒன்றில், ஆள் சேர்க்கும் பொறுப்பு நர்மதாவுடையது. மூன்று வாரத்தில் நாற்பது பெண்கள் வேண்டும் என்று மேலாளர் மணவாளன் சொல்லியிருந்தார். பொன்னேரி பஸ் நிலையத்தில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி மதியச் சாப்பாடு வரைகூட நிற்கவில்லை.

சோப்பு விற்கிறவன் வாங்குகிறவளின் மனதைப் படிப்பதுபோல, வேலைக்கு வருகிறவளின் மனதைப் படித்தால் என்ன என்று நர்மதாவுக்குத் தோன்றியது. தையல் வரிசையில் ஒவ்வொருத்தியாகப் பார்த்து, சேருவதற்கு முன் வீட்டில் எதற்குப் பயந்தார்கள் என்று கேட்டாள். எல்லோரும் பேசியது போக வர உள்ள வழியைப் பற்றித்தான். பழவேற்காடு ஏரியோரக் குப்பத்திலிருந்து வரும் கவிப்பிரியா அதைத் தெளிவாகச் சொன்னாள். நர்மதா அவளை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, போனில் நாற்பது நொடி எடுத்து, கம்பெனியின் பக்கத்தில் ரீல்ஸாகப் போட்டாள்.

"காலைல ஊட்டாண்டயே பஸ்ஸு வந்து ஏத்திக்கும். சாயங்காலம் வெளிச்சம் இருக்கசொல்லவே கொண்டாந்து உட்டுரும். எங்கம்மாவுக்கு பேஜாரே இல்ல" என்று அதில் கவிப்பிரியா சிரித்தாள்.

இரண்டு நாளில் ஒன்றரை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். நர்மதாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதும் வேனில் போகும்போதும் போனையே பார்த்தாள். எங்கள் ஊருக்கும் பஸ் வருமா என்பதுதான் கீழே திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி. வரும், வரும் என்று எல்லோருக்கும் பதில் போட்டாள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்களின் கண்ணில் அந்த வீடியோ தினமும் படும்படி விளம்பரமும் செய்தாள். நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள்.

புதியவர்கள் அத்தனை பேரும் இரண்டாவது ஷிப்டுக்குப் போனார்கள். கவிப்பிரியா வரும் முதல் ஷிப்ட் பஸ்போல அந்த ஷிப்டின் பஸ் குப்பத்துக்குள் போகாது. இரவு பதினோரு மணிக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும். பிறகு சவுக்குத் தோப்பு வழியாக ஒன்றரை கிலோமீட்டர் நடை. ரீல்ஸ் எடுக்கும்போதே நர்மதாவுக்கு இது தெரியும். பஸ்ஸைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

இரண்டாவது வாரம், அந்தத் தோப்பில் பைக்கில் இரண்டு பேர் துரத்த, ஓடி விழுந்து புதிதாகச் சேர்ந்த ஸ்நேகா என்ற பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்தது. அவள் வீட்டார் கம்பெனிக்கு வரவில்லை. கவிப்பிரியா வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மறுநாளிலிருந்து கவிப்பிரியா வேலைக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நர்மதா குப்பத்துக்குப் போனாள். இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த கவிப்பிரியாவின் அம்மா கங்கம்மாள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"நான் சொன்னதுல ஒண்ணுகூட பொய்யில்ல மேடம்" என்றாள் கவிப்பிரியா. "ஆனா என் மூஞ்சிய பாத்துதான் ஸ்நேகா வந்தா. அவ அண்ணன் உங்கள கேக்கல, என்னதான் கேக்கறான்."

"ரெண்டாவது ஷிப்ட் விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும் கவி."

கவிப்பிரியா சட்டென்று திரும்பினாள். "தெரிஞ்சிக்கினேதான் என்ன பேச வெச்சீங்களா?"

நர்மதா கிளம்பினாள். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே வீடியோவை நீக்கினாள்.

திங்களன்று மணவாளன் கோபப்பட்டார். அடுத்த மாதத்துக்கு இன்னும் முப்பது பேர் தேவை, யாரைக் கேட்டு வீடியோவை நீக்கினாய் என்றார். இரவு பஸ்ஸை ஊருக்குள் விடச் சொல்லி நர்மதா கேட்டதற்கு, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அன்று மதியமே நர்மதா அந்தத் தோப்பின் முன் நின்று தன்னையே வீடியோ எடுத்தாள். ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, பஸ் எங்கே நிற்கிறது, அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், தான் போட்ட பதில்கள் தவறு என்று எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பத்து மூன்று பேருக்கும் முதலில் அனுப்பிவிட்டு, பிறகு பொதுவில் போட்டாள்.

மறுநாள் பத்தொன்பது பேர் வரவில்லை. இரண்டாவது ஷிப்டில் பாதி மெஷின்கள் சும்மா நின்றன. வியாழக்கிழமையிலிருந்து இரவு பஸ்ஸும் குப்பங்களுக்குள் போனது. கம்பெனியின் பக்கத்தை நர்மதாவிடமிருந்து வாங்கி மதன் என்பவரிடம் கொடுத்துவிட்டு, அவளை விடுப்புப் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றினார்கள்.

கவிப்பிரியா வேலைக்குத் திரும்பினாள், ஸ்நேகா திரும்பவில்லை. பத்து நாள் கழித்து, கேட்டருகே நர்மதாவைத் தாண்டிப் போன கவிப்பிரியா ஒரு கணம் நின்றாள்.

"ஸ்நேகாவுக்கு மாவுக்கட்டு பிரிக்க இன்னும் நாலு வாரம் ஆவும்னாங்க. போய் பாருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.