ஒரே நிறத்து மாத்திரை

செக்கிங் பகுதியின் கோடியில், சுவரை ஒட்டி லைட் பெட்டி இருந்தது. உள்பக்கம் முழுக்கச் சாம்பல் வண்ணம் பூசிய, முன்புறம் திறந்த பெட்டி. மேலே மூன்று வகை விளக்குகள்: பகல் வெளிச்சத்துக்கு ஒன்று, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு பல்புக்கு ஒன்று. சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒவ்வொரு ரோலிலும் ஒரு துண்டை வெட்டி, துணி வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட துண்டுக்கு அருகில் வைத்து, மூன்று சுவிட்சையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பாள் செல்லத்தாய். ஒரு வெளிச்சத்தில் அக்காள் தங்கைபோல் இருக்கும் துண்டுகள் இன்னொரு வெளிச்சத்தில் யாரோ எவரோ என்று பிரிந்து நிற்கும். பன்னிரண்டு வருடமாக அவள் கண் சொன்னதுதான் அந்த வீரபாண்டி பனியன் கம்பெனியில் தீர்ப்பு.

அன்று காலை அவள் துண்டுகளைத் தொடவே இல்லை. மூன்று மாடி ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவள், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் துணிக்கு மட்டும்தான். நெஞ்சுக்குள் யாரோ சாக்கைத் திணித்துக் கட்டியதுபோல் இருந்தது. மூன்று வாரமாக இப்படி.

"யக்கா, இந்தத் தண்ணியக் குடி. துண்டெல்லாம் நான் வெட்டி அடுக்கி வச்சுட்டேன், நீ பாத்தாப் போதும்" என்றாள் பக்கத்து மேசை ரோஸ்மேரி. "நேத்து ராத்திரி ஜெபத்துல உன் பேரச் சொன்னேன்."

"எங்க மாரியாத்தாகிட்ட நானும் சொல்லிட்டுதாம்ட்டி இருக்கேன். ரெண்டு பேருமாச் சேந்து ஏதாவது செய்வாங்க."

சிரித்ததும் இருமல் வந்தது. இருமல் அடங்குவதற்குள் சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் வந்து நின்றான். நல்ல மனிதன், கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தால் தரையைப் பார்த்துத்தான் பேசுவான். இப்போதும் தரையைப் பார்த்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து நீங்க படியில உக்காந்துட்டீங்கல்ல, உதடெல்லாம் கறுத்துப்போய்? அத மொதலாளி பெரியவரு பாத்துட்டாருங்க. அடுத்த வாரம் பையர் ஆளுங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. வர்றவன் முன்னால நீங்க இப்படி மூச்சு வாங்கினா, பஞ்சுத் தூசியால வந்ததுன்னு எழுதிப்போடுவானுங்க. டாக்டர் லெட்டர் இருந்தா வாங்க, இல்லீனா ஊட்டுலயே இருந்துக்கச் சொல்லீட்டாருங்க. பெட்டிக்கு அன்புசெல்வியப் பழக்கச் சொன்னாரு."

செல்லத்தாய் பெட்டியைப் பார்த்தாள். கணவன் தவசிக்குச் சாயப்பட்டறையில் மூட்டை இறக்கியே முதுகு போய்விட்டது. இரண்டு வருடமாக வீட்டில். இந்தப் பெட்டிதான் இருவருக்கும் சோறு.

"நான் எங்கிட்டுப் போவேன் தம்பி?"

"நீங்க இப்பவே ஆசுபத்திரிக்குப் போய்ட்டு வாங்க. மத்தியானம் வரைக்கும் நீங்க இங்க இருந்ததாவே நான் போட்டுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நன்றி சொல்வதற்குள் நகர்ந்துபோனான்.

அரசு சுகாதார நிலையத்தில் இருந்தது சின்ன வயது டாக்டரம்மா. முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நுரையீரல் சுத்தமாக இருந்தது. இருதயத்துக்கு எடுத்த ஈ.சி.ஜி. தாளும் சுத்தம்.

"எத்தனை வருஷமா பனியன் கம்பெனி?"

"பன்னெண்டும்மா. ஆனா தூசியெல்லாம் ரொம்ப இல்லம்மா" என்று செல்லத்தாய் அவசரமாகச் சொன்னாள்.

டாக்டரம்மா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தாள். "பன்னெண்டு வருஷம் வராதது மூணு வாரமா ஏன் வருதுன்னுதான் புரியல. சின்ன வயசுல இழுப்பு இருந்துச்சா?"

"பத்து வயசு வரைக்கும் இருந்துச்சும்மா. பெறகு அதுவே போயிருச்சு."

"மாத்திரை என்னென்ன சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு மட்டுந்தான். வீட்டுக்கு வர்ற சிஸ்டர் குடுக்கறது."

"அதுல மூச்சு வாங்காதே" என்று டாக்டரம்மா பேனாவால் மேசையைத் தட்டினாள். "சாயங்காலம் ஆறு வரைக்கும் இங்கதான் இருப்பேன். சாப்பிடற மாத்திரைய எல்லாம், ஒரு துண்டு விடாம, எடுத்துட்டு வந்து காட்டுங்க."

செல்லத்தாய் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் அரசு நர்ஸ் சிஸ்டர் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருவார். ஆளை உட்காரவைத்து பிரஷர் பார்த்தால்தான் மாத்திரை தருவார். ஷிப்மென்ட் நேரத்தில் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எந்தத் தொழிலாளி வீட்டில் இருப்பாள்? போன மாதம், ஒரே ஒரு மாத்திரை மிச்சமிருந்த அன்று வாசலில் அதைச் சொல்லிப் புலம்பியதும், வீட்டுக்காரம்மா வள்ளியாத்தாள் உள்ளே போய் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையோடு மூன்று அட்டைகளையும் கொண்டுவந்து மடியில் போட்டார்.

"எனக்கும் பிரஷருக்குத்தாங் கண்ணு. மகன் கோயமுத்தூருல இருந்து மூணு மாசத்துக்கு வாங்கிப் போட்டிருக்கான், சும்மா கெடக்குது. எடுத்துக்க."

அட்டையில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். செல்லத்தாய் தன் பழைய மாத்திரை ஒன்றையும் புதியதையும் உள்ளங்கையில் வைத்து அடுப்படி பல்புக்குக் கீழே பார்த்தாள். அதே வெளிர் ரோஸ், அதே வட்டம். ஊரே நம்பும் கண் அவளுடையது. ஒரே மாத்திரைதான் என்று விழுங்கினாள். அதற்குப் பிறகு அதைப்பற்றி நினைத்ததே இல்லை.

வீட்டுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மத்தியானம் கம்பெனிக்கு வந்தாள். பழைய அட்டையின் வெட்டிய துண்டு ஒன்றும், அதில் ஒற்றை மாத்திரையும், பையின் அடித்தையலில் சிக்கிக் கிடந்து அகப்பட்டிருந்தன.

பெட்டியருகே அன்புசெல்வி சங்கடத்தோடு நின்றாள். "நானாக் கேக்கலக்கா. எனக்கு இந்த வேலையே வேண்டாம்."

"கிறுக்கி, இதுக்கா அழுவ? உக்காரு. நான் இருக்கறப்பவே கத்துக்கிட்டா உனக்குத்தான் நல்லது. துண்டத் தொங்கவிடாத, படுக்க வையி. மொதல்ல வீட்டு பல்பு, பெறகு மத்தது."

சாப்பாட்டு மணி அடித்தது. செல்லத்தாய் சோற்றை முடித்துவிட்டு மாத்திரை போட வந்தாள். டாக்டரம்மாவுக்குக் காட்டவேண்டியதையும் விழுங்கவேண்டியதையும் பிரித்தெடுக்க, இரண்டையும் பெட்டிக்குள் சாம்பல் தளத்தின்மேல் வைத்தாள். வீட்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

அன்புசெல்வி பழகுவதற்காகச் சுவிட்சை மாற்றினாள். பகல் வெளிச்சம் வந்தது.

செல்லத்தாயின் கை பாதியில் நின்றது. ஒரு மாத்திரை ரோஸாகவே இருந்தது. இன்னொன்று ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது.

"இன்னொருக்காப் போடு."

பல்பு, ஒன்று. பகல், இரண்டு.

"இது வேற லாட்டு" என்றாள் செல்லத்தாய் மெதுவாக. "யாத்தீ, இது வேற மாத்திரைடி."

சாயங்காலம் டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் படித்துவிட்டு, வள்ளியாத்தாள் கொடுத்ததைத் தனியே நகர்த்தி வைத்தாள். "இதுவும் பிரஷருக்குக் குடுக்கறதுதான். படபடப்புக்கும் குடுப்பாங்க. ஆனா இழுப்பு இருந்தவங்களுக்கு இது ஆகாது, மூச்சுக்குழாயச் சுருக்கிடும். நல்லவேளை வந்தீங்க. இன்னைக்கே மாத்தித் தர்றேன். இனிமே யார் குடுத்தாலும் கேக்காம சாப்பிடக்கூடாது. நீங்களா எதையும் நிறுத்தவும் கூடாது. சரியா?" பிறகு ஆச்சரியம் தாங்காமல் கேட்டாள்: "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"லைட்டு மாத்திப் பாத்தேம்மா."

செய்தி தெரிந்ததும் வள்ளியாத்தாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நல்லது பண்றேன்னு நஞ்சக் குடுத்துட்டனே சாமி! என்ற கையாலயே குடுத்தனே!" தவசி என்ன சொல்லியும் அவர் அழுகை நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்கக் காலையில் ரசமும் மாலையில் கஞ்சியும் அவர் வீட்டிலிருந்துதான் வந்தன.

ஐந்தாம் நாள் செல்லத்தாய் அந்தப் பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். அவற்றை வாசலில் வைத்துவிட்டு வள்ளியாத்தாள் வீட்டு மாடிப்படியில் ஏறினாள். மொட்டை மாடிவரை போய், நிற்காமல் இறங்கி வந்தாள்.

"பாத்தீங்களாம்மா? மூச்சு வாங்குதா, பாருங்க."

வள்ளியாத்தாள் எழுந்துவந்து அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். பூசை அறைக்குப் போய்த் திருநீறு எடுத்துவந்து அவள் நெற்றி நிறையப் பூசினார்.

"செவ்வாக்கெழம அந்த சிஸ்டர உடமாட்டேன் கண்ணு. ஒம்பட கம்பெனிக்கே கூட்டியாந்துருவேன் பாரு."

"செஞ்சாலும் செய்வீங்க!" இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை டாக்டரம்மா எழுதிக்கொடுத்த கடிதத்தோடு வேலைக்குப் போனாள். மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினாள். மகுடேஸ்வரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மாத்திரையால வந்ததுன்னே தெளிவா எழுதிருக்காங்களேங்க! அக்கா, போங்க, போய்ப் பெட்டியில உக்காருங்க. இதப் பெரியவருகிட்டக் காட்டிட்டு வந்தர்றேன்." கடிதத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை ஆடிட் ஃபைலில் செருகச் சொன்னான்.

அன்புசெல்வி ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தாள். "அப்பாடா, இந்த லைட்டு எனக்குத் தலவலி அக்கா." ரோஸ்மேரி வந்து கட்டிக்கொண்டாள். மேசைக்கு மேசை மிட்டாய் போயிற்று. பட்டறையிலிருந்து புதிதாக வந்த நான்கு பச்சை ரோலில் ஒன்றைச் செல்லத்தாய் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பினாள். கை நிறைய வேலை இருப்பது எவ்வளவு சுகம் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்குச் சாயப்பட்டறை வண்டியில் துண்டு வாங்கக் கீழே இறங்கினாள். வாசல் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டிகள், கயிறுகூடப் பிரிக்காமல் நின்றன.

"இதென்னண்ணே?" என்று வாட்ச்மேன் நல்லானைக் கேட்டாள்.

"தூசி இழுக்கற ஃபேனுங்க அக்கா. மேல மாட்டறதுக்கு. நீங்க படியில சாஞ்ச அன்னைக்குப் பயந்துபோய்ப் பெரியவரு ஆர்டர் போட்டாரு. இன்னைக்குக் காத்தால, தூசியால இல்லைன்னு உங்க லெட்டரு வந்துருச்சில்லீங்க? அதான், திருப்பிக் கொண்டுபோயிருன்னுட்டாரு."

கட்டிங் பகுதியிலிருந்து இரண்டு பேரைத் தூக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இருவர் புருவத்திலும் இமையிலும் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருந்தது. முதல் பெட்டியை டெம்போவில் ஏற்றிவிட்டு, ஒருவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். வெகுநேரம் இருமினான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் கை கொடுத்தான்.

காற்றில் கேட் மூடிக்கொள்ள வந்தது. செல்லத்தாய் ஓடிப்போய் அதைப் பிடித்தாள். கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை.

"பாத்து தம்பி, இடிச்சிறாம" என்றாள். பெட்டி தன்னைத் தாண்டி வெளியே போகும்வரை, கேட்டை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.