ஈரம் காயுமுன்

விதைக்கும் கருவியின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே சின்னவன் அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தான். மழை விட்டு நிலம் பதமாகக் கிடக்கிறது. முதலில் விதைக்கும் முறை அண்ணனுடையது. வெயில் ஏறிவிட்டது, கருவி இன்னும் கொட்டகையை விட்டு நகரவில்லை.

"வேணும்னே இழுத்தடிக்கிறான். என் நிலம் காஞ்சு போகட்டும்னு பாக்குறான்."

பாகம் பிரித்தபோது அண்டா குண்டா வரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டவர்களால் இந்தக் கருவியை மட்டும் இரண்டாக வெட்ட முடியவில்லை. நடுவரப்பில் ஒரு முழ மண்ணுக்காக ஆரம்பித்த சண்டை, பிறகு பேச்சையே விழுங்கிவிட்டது. அண்ணன் முதலில் விதைப்பான், கருவியைக் கழுவி, எண்ணெய் விட்டு, கொட்டகையில் நிறுத்துவான், தம்பி எடுத்துக்கொள்வான். அவர்களுக்கு நடுவே மிச்சமிருந்த உறவு அவ்வளவுதான்.

கொட்டகை வாசலில் அண்ணி வந்து நின்றாள். காலில் செருப்பில்லை.

"தம்பி, அண்ணன் போயிட்டாரு."

"எங்க போயிட்டான்?" என்று கேட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

விடிந்ததும் அண்ணன் வயலுக்குப் போய், மண்ணை அள்ளி உருட்டிப் பார்த்திருக்கிறான். பதம் சரியாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வந்திருக்கிறான். விதைச் சாக்கைத் தூக்கக் குனிந்தவன் நிமிரவே இல்லை.

கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். நகக்கண்ணில் இன்னும் மண் இருந்தது. சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. இத்தனை வருடம் பேசாதவனுக்கு இப்போது என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அண்ணி அவன் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "எல்லாரும் வந்து சேர சாயங்காலம் ஆயிடும். நீங்க போய் விதைச்சுட்டு வந்துடுங்க."

"என்ன அண்ணி பேசுறீங்க? இவனை இப்படிப் போட்டுட்டா? ஊரு காறித் துப்பும்."

"ஊரா வந்து எனக்குச் சோறு போடப் போகுது? விதையை ஊற வெச்சு உலர்த்தி வெச்சிருக்காரு. இன்னைக்கு விட்டா அதுவும் போச்சு, ஈரமும் போச்சு." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவரு போனது போதும், தம்பி."

அவன் எழுந்து போனான்.

அண்ணனின் நிலத்தில் கால் வைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கட்டி உடைத்து, பரம்படித்து, தட்டு மாதிரி சமன்படுத்தி வைத்திருந்தான். சின்னவனின் டிராக்டர் இழுக்க, கருவியின் கொழுக்கள் மண்ணைக் கிழித்தன. குழாய் வழியே சோளம் இறங்கியது. பின்னால் இழுபட்ட பலகை விதை விழுந்த சால்களை மூடிக்கொண்டே வந்தது. அவ்வப்போது இறங்கி, விரலை மண்ணுக்குள் விட்டு ஆழம் பார்த்தான்.

பாதி நிலத்தில் ஒரு சால் கோணிவிட்டது. பழைய நாளாக இருந்தால், "கண்ணு எங்கடா போச்சு? பாம்பு மாதிரி ஓட்டுற!" என்று அண்ணன் கத்தியிருப்பான். சின்னவன் தன்னையறியாமல் திரும்பிப் பார்த்தான். வரப்பில் யாரும் இல்லை.

வண்டியை நிறுத்தினான். என்ஜினை அணைக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அவன் திரும்பி வந்தபோது வாசலில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். கை கழுவ அண்ணி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

"உங்க நிலம்?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் மண் இறுகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். அவள் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் அவன் கையில் ஊற்றினாள்.

"எவ்வளவு ஆழம் வெச்சீங்க?"

"ரெண்டு விரக்கடை."

"நல்லா மூடிடுச்சா?"

"மூடிடுச்சு, அண்ணி."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அண்ணனின் பாதங்களை விட்டு விலகிக் கிடந்த போர்வையை இழுத்து, மெல்ல மூடினாள்.