பால் சொட்டிய பக்கம்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் வாயால் கேட்டால் கோபம் வரும்.

ஏழு வருடமாக, ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் குறையும் மாதத்தில், நானும் என் கூட்டாளி உடையப்பனும் பத்து காஜா ஊர்த் தோட்டத்திலிருந்து மூட்டை தூக்கிக்கொண்டு மலைக்குக் கிளம்புவோம். தாப்பாவில் பஸ் ஏறி ரிங்லெட்டில் இறங்கி, அங்கிருந்து காட்டுப் பாதையில் தானா ராத்தாவுக்கு நடை. அங்கே சுபைதா அக்கா கடையில் சுடச்சுட ரொட்டி சானாய்.

நான்தான் முன்னால் போவேன். பாதை பிரியும் இடத்தில் ஒரு கொப்பை ஒடித்து, ஒடித்த முனை போகவேண்டிய பக்கம் பார்க்கக் கல்லின்மேல் வைத்துவிட்டு நடப்பேன். திசை என்றால் உடையப்பனுக்குச் சூனியம். பால் வெட்டும் சொந்த மர நிரையிலேயே வழி தவறுவான். ஏழு வருடமும் என் கொப்பைப் பார்த்துத்தான் வந்து சேர்ந்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

எழுபத்தொன்பதில் அவன் ஈப்போவுக்கு லோரி ஓட்டப் போய்விட்டான். மறுவருடம் தாப்பா பஸ் நிலையத்தில் அவன் பக்கத்தில் லியாகத் அலி நின்றான். இருவருக்கும் ஒரே முதலாளியிடம் வேலையாம். லியாகத் முதுகில் அலுமினியச் சட்டம் வைத்த புதுப் பை. என் முதுகில் மாவுச் சாக்கு.

"மச்சான், இவனும் வாரான்லா," என்றான் உடையப்பன். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரிங்லெட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். என் பெண்சாதி ராக்காயி விடியுமுன் எழுந்து கட்டிக்கொடுத்த நெத்திலிச் சம்பல் சோறு அப்படியே கிடந்தது. லியாகத் கொண்டுவந்த, தேங்காய்ப்பாலில் வற்றக் காய்ச்சிய கோழி ரெண்டாங்கில் உடையப்பன் விரலை நக்கினான்.

"மச்சான், உங்கம்மா கைக்குத் தங்கக் காப்பு போடலாம்லா!"

அந்த மச்சான் நான் இல்லை. அடப்பாவி! நேற்றுப் பழகியவன் மச்சானா?

விறுவிறுவென்று முன்னால் நடந்தேன். பாதை இரண்டாகும் இடத்தில் காட்டு அத்திக் கொப்பை ஒடித்து, வலப்பக்கம் காட்டி வைத்தேன். பத்தடி போயிருப்பேன். வளைவுக்குப் பின்னால் இருவரும் சிரிக்கும் சத்தம். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. திரும்பி வந்து கொப்பை இடப்பக்கம் திருப்பி வைத்தேன். அந்த வழி மூங்கில் புதரில் போய் முட்டும். அலையட்டும்! புதுப் பை வழி காட்டட்டும்!

"எங்க உங்க மச்சான்?" என்று தானா ராத்தா கடையில் சுபைதா அக்கா ரொட்டியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"பின்னால வாரான்."

ரொட்டி ஆறிப்போனது. ஒரு மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. மலையில் மேகம் இறங்கியது. அந்த மூங்கில் புதருக்கு அப்பால் பள்ளம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! வந்த வழியே ஓடினேன்.

பாதை பிரியும் இடத்திலேயே இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள்.

"வந்துட்டீங்களா அண்ணே!" என்றான் லியாகத். "மச்சானுக்குக் காலு சுளுக்கிக்கிச்சாம். நீங்க கட்டாயம் தேடி வருவீங்கன்னு சொன்னாரு." இலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். "உங்க பங்கு ரெண்டாங்."

உடையப்பன் சுளுக்கு ஏதுமின்றி எழுந்து வந்து, என்னைக் கல்லருகே இழுத்தான். கொப்பின் முனை இடப்பக்கம் பார்த்தது. அத்திப் பால் சொட்டிக் காய்ந்த வெள்ளைக் கறை கல்லின் வலப்பக்கம் இருந்தது, கொப்பு முதலில் பார்த்த பக்கம். பதினைந்து வருடம் பால் வெட்டிய நான், பால் வடியும் கொப்பையா ஒடித்தேன்!

"தோட்டத்த விட்டுட்டேன், பால மறக்கல மச்சான்," என்றான், லியாகத்துக்குக் கேட்காதபடி. "அவன்கிட்ட சொல்லமாட்டேன்."

பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். பாழாய்ப்போன ரெண்டாங், ருசியாகத்தான் இருந்தது.

பிறகு வழக்கம்போல் முன்னால் நடந்தேன். அடுத்த பிரிவு வந்ததும் என் கை தானாகக் கொப்புக்குப் போயிற்று.

"கொப்பு வேணாம் மச்சான்," என்றான் உடையப்பன். "எங்க கண்ணுக்குத் தெரியிற தூரத்துல நட, போதும்."

அப்படியே நடந்தேன். பின்னால் இருவரும் மறுபடி சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து சிநேகிதம் வளர்க்க அத்தனை நேரம் கொடுத்தவன் நான்தான்.