எந்தக் கம்பெனியில் கேட்பது?

பாடை கட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் மூங்கிலைப் போட்டுவிட்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். ஓசூரிலிருந்து வந்த அந்த ஒரே பஸ்ஸில் இரண்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டுகளும் வந்து இறங்கிவிட்டார்களாம். ஒருவர் நொறுங்கிப்போன டாக்சியின் கம்பெனிக்காரர், பெங்களூர். இன்னொருவர் எதிரே வந்த லாரியின் கம்பெனிக்காரர், சேலம். பாகலூரில் எந்தச் சாவுக்கும் இப்படிப் பேண்ட் போட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

சரசம்மா, டாக்சி ஓட்டிவந்து செத்துப்போன புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் வாசலில் கிளம்பிய பரபரப்பு அவளையும் தொற்றிக்கொண்டது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

புருஷனின் அண்ணன் மாதப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்றிலிருந்து பத்துப் பேரிடம் விசாரித்துப் பாதி வக்கீலாகியிருந்தார்.

"சரசா, நல்லா கேட்டுக்கம்மா. நம்ம கம்பெனி வண்டிக்கு மட்டுந்தான் குடுக்கும். தப்பு யாருதா இருந்தாலும் குடுத்துரும். லாரிக் கம்பெனின்னா வண்டிக்கும் உண்டு, உசுருக்கும் உண்டு. தப்பு லாரி மேலன்னு எழுதணும், அவ்ளோதான். அதுல நமக்கென்ன கஷ்டம்?"

கஷ்டம் லாரி ஓட்டியவனால் வந்தது. அவன் எல்லப்பன், சரசம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அப்படி எழுதினால் அவன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். அந்தத் தம்பியே இப்போது தலையில் கட்டோடு, பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது.

"லாரிக் கம்பெனியிலயே கேளுக்கா," என்றான். "நான்தான் மோதுனேன்னு போலீஸ்ல சொல்லிடறேன். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணுவ?"

"பாத்தியா! தங்கமான பையன்!" மாதப்பன் அவன் முதுகில் தட்டினார்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கொடுத்த புருஷனின் துணிமூட்டையைச் சரசம்மாதான் பிரித்திருந்தாள். சட்டைப் பையில் டாக்சிச் சாவி இருந்தது. சூளகிரி இறக்கத்தில் இன்ஜினை அணைத்து, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பெட்ரோல் செலவில்லாமல் வண்டியை உருளவிடுவது அவருடைய பெருமை. "ஓசியில மூணு மைலு!" என்று அவளிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறார். வளைவில் வண்டி கைமீறி லாரிமேல் போயிருக்கும். பாவி மனுஷன். அவர்மேல் ஆசையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

எழுந்து நின்றாள். "பெங்களூர்க்காரரைக் கூப்பிடுங்க."

"பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?"

"கூப்பிடுங்க மாமா."

பெங்களூர்க்காரர் வந்து காகிதத்தை முழங்காலில் விரித்தார். கன்னட வாடை அடித்த தமிழில், "யாரால ஆச்சும்மா இது?" என்றார்.

"இன்ஜின அணைச்சுட்டு எறக்கத்துல வந்தாரு. தப்பு அவருதுதான்."

"அவருன்னா? பேரு சொல்லணும்."

பத்துக் குரல்கள் உதவிக்குப் பாய்ந்தன. ஏஜெண்ட் கையைத் தூக்கினார். "அம்மா வாயால வரணும்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் புருஷன் பேரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த ஊரில் எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லுவாள்.

"வேணாம்க்கா," என்றான் எல்லப்பன்.

சரசம்மா கிடத்தியிருந்தவரின் பக்கம் திரும்பினாள்.

"கங்கப்பன்," என்றாள்.

சத்தமாகவே சொன்னாள், ஆளைக் கூப்பிடுவதுபோல. ஏஜெண்டின் பேனா காகிதத்தில் கீறுவது மட்டும் கேட்டது.