பிடித்துத்தான் இருந்தாள்

சீனியின் மோட்டார் சைக்கிளில் கிளட்ச் கோளாறு தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைப்பிடியை எவ்வளவு மெதுவாக விட்டாலும் பாதி தூரம் வரை ஒன்றும் நடக்காது. பிறகு வெடுக்கென்று பிடித்து வண்டியை முன்னால் இழுக்கும். குனோங் ராபாட்டில் வீடு, சிம்பாங் பூலாயில் மார்பிள் பட்டறை வேலை என்று தினமும் ஓட்டியதில் அவனுக்கு அது பழகிப்போயிருந்தது. கிளம்பும்போது உடம்பு தானாகவே முன்னால் சாயும். பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் அது எப்போது இழுக்கும் என்று தெரியாது.

மனைவி புனிதா பலமுறை சொல்லிப் பார்த்தாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்பான் சீனி.

போன வருஷம் பழைய தோட்டத்துக் கோயில் பூசைக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் மரங்கள் போய் அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன. கோயில் மட்டும் இருக்கிறது. சிம்பாங் பூலாய் சந்தியில் பச்சை விளக்கு விழுந்தது. கிளட்சை விட்டான். வண்டி துள்ளியது. புனிதா மல்லாந்து ரோட்டில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோது, "அவ சரியா புடிக்கல" என்று சொன்னான். பயத்தில் வாயில் வந்த வார்த்தை அது. கிள்ளானிலிருந்து ஓடிவந்த மகன் ஷர்வினிடமும் அதையே சொன்னான். பக்கத்து வீட்டிலும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. புனிதா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஷர்வின் அவளைக் கிள்ளானுக்கு அழைத்துப் போனான். கட்டுப் பிரித்த மாதமே மருமகள் தினேஸ்வரிக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள புனிதா அங்கேயே தங்கிவிட்டாள். பத்து மாதம் ஓடிவிட்டது.

சீனி தனியாக இருந்தான். ஒரு ரொட்டி வாங்கினால் பாதி தீர்வதற்குள் பூசணம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் கரகரத்தால்தான், காலையிலிருந்து யாரிடமும் பேசவில்லை என்பது உறைக்கும். போனில் அழைத்தால் புனிதா பிள்ளையைக் காட்டுவாள். அவள் முகம் பெரும்பாலும் திரைக்கு வெளியே இருக்கும். இரண்டு தடவை கிள்ளானுக்குப் போய் வந்தான். சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பேச்சில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அதே சந்தியில் மோட்டார் துள்ளி, முன்னால் நின்ற காரை இடிக்கப் பார்த்தது. மயிரிழையில் தப்பினான். அங்கிருந்தே வண்டியைச் சிலிபினில் இருந்த கோகிலன் கடைக்கு ஓட்டிப் போனான். மெக்கானிக் கோகிலன், இந்தக் கோளாறு வருவதற்குச் சற்று முன்புதான் கிளட்ச் பிளேட்டுகளைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவன்.

"பிளேட்டுல ஒண்ணும் இல்லண்ணே. அது உக்கார்ற கூடுதான் தேஞ்சிருக்கும். இந்தப் பழைய மாடலுக்கு இப்ப சாமான் வர்றதில்லலா," என்றான். கூட்டைக் கழற்றி அரத்தால் ராவிச் சமப்படுத்தலாம், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், தனக்கு நேரமில்லை என்றும் சொன்னான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்ததும் சீனி வாசல் சிமெண்டுத் தரையில் காகிதம் விரித்து, எண்ணெயை வடித்து, எஞ்சினின் வலப்பக்க மூடியைத் திறந்தான். ஐந்து ஸ்பிரிங், பிறகு பிளேட்டுகள், கடைசியில் கூடு. கூடு என்பது இரும்புச் சட்டி மாதிரி. சுற்றிலும் விரல் விரலாக நிற்கும். பிளேட்டுகள் அந்த விரல்களுக்கு நடுவே வழுக்கிப் போய்வர வேண்டும்.

துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு விரலிலும் வரிசையாகப் பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் நகம் சிக்கி நின்றது. பிளேட்டும் அப்படித்தான் சிக்கி நின்றிருக்கும். கிளட்சை விடும்போது வழுக்கி வராமல் பள்ளத்தில் மாட்டி, பிறகு ஒரேயடியாகப் பாய்ந்து பிடித்திருக்கும். இன்றைக்கு நேற்று விழுந்த பள்ளமில்லை அது. பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தால்தான் பின்னால் இருப்பவள் விழாமல் இருந்திருப்பாள்.

அரத்தைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தான். முதலில் அந்தக் கூட்டைப் படம் எடுத்துப் புனிதாவுக்கு அனுப்பினான். பிறகு அழைத்தான்.

"என்னா இது?" என்றாள் புனிதா.

"மோட்டாரோட கிளட்ச் கூடு. பள்ளம் தெரியுதா? அன்னிக்கு அதான் இழுத்திருக்கு." விரலால் பள்ளத்தை ஒருமுறை தடவினான். "நீ புடிச்சுத்தான் இருந்தே புனிதா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

பிள்ளை ஏதோ மழலை பேசுவது கேட்டது.

"எனக்குத் தெரியும். உங்க இடுப்பு பெல்ட்டுல மாட்டி என் வலது கை நகம் பிஞ்சு போச்சு. தாதி மருந்து போட்டுச்சு. நீங்க அந்தக் கையப் பாக்கவே இல்ல."

சீனி கூட்டைத் தள்ளி வைத்தான்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு மாடிப்படி எறங்க என்னைய விடுறதில்ல," என்றாள். "அம்மாவுக்குப் பிடி பத்தாதுன்னு ஷர்வின் சொல்லி வெச்சிருக்கான். நீங்களே அவனக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது."

"சொல்றேன். வீட்டுக்கு எப்ப வாரே?"

"மோட்டார் சரியாயிடும்னு கேக்குறீங்களா?"

"இல்ல. சும்மா கேட்டேன்."

பிள்ளைக்கு ஒரு வயசு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

உடனே ஷர்வினை அழைத்தான். கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்த மகனிடம் கூட்டிலிருந்த பள்ளத்தைப் பற்றிச் சொன்னான். அம்மா ஆறு மாதம் எச்சரித்ததையும், தான் பயந்து பொய் சொன்னதையும் சொன்னான். "அம்மா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தாலே என் பொண்டாட்டி பயப்படுதுப்பா. நீங்க சொன்னத நம்பித்தான்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஷர்வின் போனை வைத்தான்.

சீனி கூட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ராவத் தொடங்கினான். ஒரு விரலில் எத்தனை இழுப்போ, மற்றதிலும் அத்தனை. கூடினால் கூடு தளர்ந்துவிடும், குறைந்தால் பள்ளம் நின்றுவிடும். முடிந்தபின் கூட்டின் நடுவே உட்காரும் துண்டில் நான்கு சிறு துளை போட்டான், பிளேட்டுகளுக்கு எண்ணெய் தாராளமாகப் போகட்டும் என்று. பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப் போட்டான்.

ஞாயிறு மதியம் எல்லாவற்றையும் பூட்டி, சிம்பாங் பூலாய் வரை ஓட்டிப் போனான். சந்தியில் சிவப்பு விழுந்தது. பச்சைக்கு மாறியதும் விரல்களை விட்டான். வண்டி நகர்ந்தது. எந்த இடத்தில் பிடித்தது என்றே தெரியவில்லை. பழக்கத்தில் முன்னால் சாய்ந்திருந்த உடம்பை நிமிர்த்திக்கொண்டான்.

நம்ப முடியாமல் திரும்பி வந்து மறுபடியும் அதே விளக்கில் நின்றான். மூன்று தடவை. மூன்று தடவையும் அப்படியே போனது. மலைப்பக்கம் மழை இறங்குவது தெரிந்ததும் வீட்டுக்குத் திரும்பினான்.

கிளட்ச் நன்றாக வந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்தான். கிள்ளானில் இது பிள்ளையைக் குளிப்பாட்டும் நேரம். ஏழு மணிக்குக் கூப்பிடலாம் என்று போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கையிலிருந்த எண்ணெய்க் கறையைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தான்.