சத்தம் போடாத பை

அந்தப் பையின் மூடியைத் திறந்தபோதும் அதே சத்தம்தான் வந்தது. பர்ரென்று, பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம். எலைன் பையைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தாள்.

"வெல்க்ரோ இல்லாதது காட்டுங்கன்னுதானே கேட்டேன்?"

"இப்போ எல்லாத்துலயும் வெல்க்ரோதான் மேடம் வருது" என்றார் விநாயக். "சக்கத் பை இது, சூப்பரா இருக்கும். ஒருத்தர்கூட சத்தத்துக்காக வேணாம்னு சொன்னதில்ல."

ராபர்ட்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்திருந்த பைக் கடைகளில் இதுதான் கடைசி. ஆன்லைனில் வாங்கிய இரண்டையும் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தாள். ஒன்றில் லென்ஸ் நுழையவில்லை. இன்னொன்று படத்தில் கேன்வாஸ், பிரித்துப் பார்த்தால் பளபளக்கிற நைலான். தோளில் மாட்டினால் குடத்தை இடுக்கியதுபோல் புடைத்துக்கொண்டு நின்றது. அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கேமரா, கூட ஒரு லென்ஸ், அவ்வளவுதான் கொள்ள வேண்டும். சாதாரணத் துணிப்பையாகத் தெரிய வேண்டும். திறக்கும்போது சத்தம் போடக்கூடாது.

எலைன் சாவு வீடுகளில் படம் எடுப்பவள். அதை அவள் தேடிப் போகவில்லை. அவள் குடியிருக்கும் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர் லைனில் பக்கத்து வீட்டுப் பெரியவர் இறந்தபோது, துபாயில் இருந்த மகன் வந்து சேர முடியாமல் போனான். அவனுக்காக எடுத்துக் கொடுத்தாள். அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் பிறகு தங்கள் வீட்டுக்கும் கூப்பிட்டார்கள். அவள் யாரையும் இப்படித் திரும்புங்கள், அப்படி நில்லுங்கள் என்று சொல்வதில்லை. சுவரோரம் நின்று காத்திருப்பாள். ஆனால் அவளுக்கு முன்னால் அவளுடைய கறுப்புக் கேமராப் பை உள்ளே போய்விடும். மஞ்சள் எழுத்துப் போட்ட, முதுகை அடைக்கிற பை. அதைப் பார்த்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள் முகத்தைத் துடைத்து முந்தானையைச் சரிசெய்வார்கள். போன மாதம் பாஸ்டர் கண்ணை மூடி ஜெபிக்கும்போது லென்ஸை மாற்றப் பையைத் திறந்தாள். மொத்த வீடும் திரும்பியது. இறந்தவரின் மூத்த மகன் பார்த்த பார்வை இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

"இத்தப் பாரு" என்றான் அவள் கணவன் ஆஷ்லி. அவன் கையில் இன்னொரு பெரிய முதுகுப்பை. "மழைக்கு கவர்கூட கீது. பெங்களூர்ல கல்யாண ஆர்டர் கெடச்சா இதுதான் சரி."

"கல்யாணம் எடுக்கறேன்னு நான் சொன்னேனா?"

"நீ எங்க சொல்லப்போற? ட்ரெயின்ல டெய்லி கூட வர்றவங்க, உங்க வைஃப் இன்னா பண்றாங்கன்னு கேக்கறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

விநாயக் ஏணியை இழுத்துப்போட்டு மேல்தட்டில் எதையோ தேட ஆரம்பித்தார். எலைனுக்குக் காது மடல் சுட்டது. பைக்காகத்தான் காலையிலிருந்து சண்டை என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது போன் அடித்தது. பின்வரிசை லைன் வீட்டு டீனா.

"அக்கா, டாடி போய்ட்டாரு. மம்மி உன்னத்தான் கூப்புடச் சொல்றாங்க."

கொர்னேலியஸ் அங்கிள். நேற்று சாயங்காலம்கூட வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எலைன் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய காக்கி நிறத் துணிப்பையை எடுத்துத் தரச் சொன்னாள். காலேஜ் பிள்ளைகள் மாட்டுகிற பை. பஞ்சு கிடையாது, அறை கிடையாது. மூடியில் ஒரு பித்தளைக் கொக்கி மட்டும். அளவு பார்க்கக் கொண்டுவந்திருந்த கேமராவைக் கறுப்புப் பையிலிருந்து இதற்கு மாற்றினாள். நீள லென்ஸைத் துப்பட்டாவில் சுற்றி அடியில் வைத்தாள்.

"இதுவா?" என்றான் ஆஷ்லி.

"இதுதான்."

ஆஷ்லியின் மோட்டார் சைக்கிள் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைத் தாண்டிப் போனது. காலிக் கறுப்புப் பை பெட்ரோல் டேங்கின் மேல் அவன் கைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது. லைன் முனையிலேயே அவள் இறங்கிக்கொண்டாள்.

டீனா வீட்டுக்குள் போனபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்களோடு பெண்ணாகப் பாயில் உட்கார்ந்தாள். அழுகை நிற்கவில்லை, முந்தானைகள் அசையவில்லை. அவள் ஆசைப்பட்டது இதைத்தான். அங்கிளைக் கிடத்தியிருந்த கட்டிலின் தலைமாட்டில் இருந்த டீனாவின் அம்மா, பாக்கியவதி ஆன்ட்டி, நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"இன்னா எலைன், சும்மா வந்துட்டியா? பெரிய பை எங்க?"

"கேமரா இதுலயே கீது ஆன்ட்டி."

"இதுலயா?" பாக்கியவதியின் குரல் உடைந்தது. "எல்லார் வூட்டுக்கும் அத்த மாட்டினு போன. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் காய் வாங்கற பையா?"

இப்போது எல்லாரும் திரும்பினார்கள். எலைனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சத்தத்தைப் பற்றி, பார்வைகளைப் பற்றி, கடை கடையாக அலைந்ததைப் பற்றி. அதில் ஒன்றுகூட அந்த வீட்டில் சொல்லக்கூடியதாக இல்லை. கொக்கியைக் கழற்றிக் கேமராவை வெளியே எடுத்தாள். பாக்கியவதி கேமராவைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பித்தார். எலைன் வழக்கம்போலச் சுவரோரம் போய் நின்றாள். அங்கிருந்து எடுக்க நீள லென்ஸ் வேண்டும். அது பாக்கியவதியின் முழங்கைகளுக்கு அடியில், துப்பட்டாவுக்குள் இருந்தது. அதைக் கேட்க முடியாது. கேமராவில் இருந்த சின்ன லென்ஸால் எடுப்பதென்றால் பக்கத்தில் போயாக வேண்டும். அவள் சுவரை விட்டு வந்து, பாய்மேல் முழங்காலிட்டு, மூச்சுச் சத்தம் கேட்கிற தூரம்வரை நகர்ந்தாள். பாக்கியவதி தலை நிமிரவில்லை. வெட்ட மறந்துபோன விலை அட்டை பையின் வாரிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியவதியின் விரல்கள் அதைச் சுருட்டின, பிரித்தன, மறுபடி சுருட்டின.