பதினைந்தாம் தேதிக்குப் பிறகு

மாமெலோடிக் குடியிருப்பில் என் வீட்டுக்கு ஒரே மீட்டர், முன்கூட்டியே பணம் கட்டி மின்சாரம் ஏற்றுகிற வகை. அடுக்களைச் சுவரில் இருக்கிறது. பின்கட்டுத் தகர அறையில் குடியிருந்த ருட்ஸானிக்கும் அதிலிருந்துதான் மின்சாரம். முறை வைத்திருந்தோம்: ஒன்றாம் தேதி நான் முன்னூறு ராண்டுக்கு வாங்குவேன், பதினைந்துக்குப் பிறகு அவள் முன்னூறுக்கு வாங்குவாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு மாதக் கடைசியில் சம்பளம் என்பதால், முதல் முறையை நானே எடுத்துக்கொண்டேன்.

ருட்ஸானி வடக்கிலிருந்து வந்த வெண்டா இனத்துக்காரி. விடியுமுன் மக்வின்யா என்கிற மாவுருண்டைகளைப் பொரித்துப் பள்ளி வாசலில் விற்பாள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டாள். எனக்கோ வாய்தான் சொத்து.

கடையில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் ஒன்று வரும். அதை அவள் என் போனுக்கு அனுப்புவாள், நான் மீட்டரில் அழுத்துவேன். என் முன்னூறுக்கு நூற்றுப்பத்து யூனிட் ஏறும். அவள் முன்னூறுக்கு எண்பதுகூடத் தேறாது. ஒரு மாதம் பொறுத்தேன், இரண்டு மாதம் பொறுத்தேன். மூன்றாம் மாதம், முழுப் பணத்தையும் கட்டாமல் பாதியை அமுக்குகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்டதற்கு ரசீதை நீட்டினாள். இந்தக் காலத்தில் ரசீது யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று சொல்லி, அதைக் கையால்கூடத் தொடவில்லை.

அத்தோடு விட்டேனா? சாவுச் செலவுக்கென்று பெண்கள் காசு சேர்க்கிற எங்கள் சவ அடக்கச் சங்கம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். அந்த மாதம் என் வீட்டில். பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்க, பின்கட்டிலிருந்து தண்ணீர் பிடிக்க வந்தவளை நிறுத்தினேன்.

"இதோ வர்றா பாருங்க என் மின்சாரத் திருடி. இவகிட்ட மக்வின்யா வாங்கறவங்க சில்லறையை எண்ணி வாங்குங்க."

சிரித்தார்கள். அவள் வாளியை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மறுநாளிலிருந்து அந்தப் பன்னிரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அவளிடம் வாங்கவில்லை. மாதம் முடிந்ததும் வாடகையைக் கையில் கொடுத்துவிட்டு, எண்ணெய்ச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அடுத்து வந்தவன் இரவுக் காவலாளி. பகலெல்லாம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குவான். மாதத்தின் இருபதாம் தேதி இருப்பு தீர்ந்தபோது, அவன் தூக்கத்தில் கிடக்க, நானே முன்னூறுக்கு வாங்கினேன். எழுபத்தெட்டு யூனிட் ஏறியது. கடைக்காரன் பஷீரிடம் சண்டைக்குப் போனேன்.

அவன் சாவகாசமாகச் சொன்னான்: "மாசத்துல முதல் நூறு யூனிட் மலிவு மா. அதைத் தாண்டினா விலை ஏறும், இன்னும் தாண்டினா இன்னும் ஏறும். வாங்கறது யாருன்னு மீட்டருக்குத் தெரியாது. ஒண்ணாந்தேதி பொறந்தா மறுபடி முதல்லேருந்து."

கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மலிவானதையெல்லாம் நான் தின்றுவிட்டு, விலை கூடியதை அவள் தலையில் கட்டியிருக்கிறேன். கட்டிவிட்டு அவளையே திருடி என்றிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்றே போன் செய்தேன். எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மா. முதல் மாசமே கடையில சொன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன்டி வாயைத் தொறக்கல?"

"உங்களுக்கு ஒண்ணாந்தேதிதானே கையில காசு இருக்கும்? எனக்கு தெனமும் யாவாரம். போவட்டும்னு விட்டேன். அப்புறம் அத்தனை பேர் முன்னாடி திருடின்னு சொன்னீங்க. அதுக்குமேல என்னத்த கணக்கு சொல்றது?"

அவள் கூடுதலாகக் கட்டியதையெல்லாம் திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

"எங்க வெச்சு சொன்னீங்களோ, அங்கயே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மா. அது போதும். நான் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பி வந்துடுவேன்."

சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சங்கம் மூன்று முறை கூடிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தப் பன்னிரண்டு முகங்களைப் பார்க்கிறேன். ஊரையே கிழிக்கிற இந்த வாய், அங்கே தேநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்கிறது.